அம்பாசடரின் "டொக்" சத்தமும் ஒரு கிராஸின் முன்னூற்றைம்பது வருஷக் கதையும்

மூன்று வாரமாக என் பழைய அம்பாசடர் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. முதல் கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால், பின்சீட்டுக்கு அடியில் யாரோ சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டியது போல "டொக்". ரிவர்ஸ் போட்டால் இன்னொரு "டொக்". ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றுமே தெரியாது. வீட்டம்மா, "உங்க வண்டிக்குச் சத்தம் புதுசா என்ன?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவும் நியாயம்தான். 1980களில் வந்த மார்க் 4. சத்தம் போடாத பாகம் ஹார்ன் மட்டும்தான் என்று பழைய ஜோக் ஒன்று உண்டே.

ஆனால் இந்த முறை எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. அடுத்த வாரம் ரங்கத்தில் ஒரு கல்யாணம், குடும்பத்தோடு போக வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நாக்குக்குத்தான் இன்னும் பழக்கம் வரவில்லை.) தூரம் பெரிய விஷயமில்லை, பாதைதான் விஷயம். ஜிர்காடாங் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஜாரவா பழங்குடிகளின் காப்புக்காடு. வண்டிகள் எல்லாம் போலீஸ் துணையோடு வரிசையாகப் போக வேண்டும். நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரும்வரை அப்படித்தான்.

இந்தச் சட்டம் சும்மா போட்டதில்லை. 1999-லும் 2006-லும் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குக் குழந்தைப் பருவத்தில் வந்து போகிற நோய், அவர்களுக்கு அப்படி இல்லை. இந்த ரோட்டை மூடச் சொல்லி 2002-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ரோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது தனிக்கதை. நான் சொல்ல வந்தது, அந்தக் காட்டுக்குள் என் வண்டி படுத்துக்கொண்டால் அது என் ஒருவன் பிரச்னை இல்லை. பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டி வரும், எங்கே நிற்கக் கூடாதோ அங்கே.

அதனால் ஊருக்குள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பையன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் பினியன் போயிடுச்சு சார். ஹவுசிங் இறக்கணும்" என்றான். சொன்ன தொகை என் சம்பளத்தில் பாதி. பாகம் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வர வேண்டுமாம். பி.காம் படித்துவிட்டு இருபது வருஷம் பாங்கில் கடன் அப்ளிகேஷன் பார்த்த புத்தி எனக்கு. யாராவது பெரிய தொகை சொன்னால், "எந்த அடிப்படையில்?" என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டேன். பதில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்திரி விருதுநகருக்கு ஃபோன். அப்பா முப்பது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர்.

"சத்தம் எப்ப வருதுய்யா? கியர் போடுறப்பயா, கிளட்ச்ச விடுறப்பயா?"

"கிளட்ச்ச விடுறப்பப்பா."

"ஆக்சிலேட்டர விட்டுட்டு மறுபடி மிதிச்சா?"

"அப்பவும் ஒரு தடவ வருது."

"மெதுவாப் போறப்ப சிட்டுக்குருவி கத்துற மாதிரி கிரீச் கிரீச்சுன்னு கேட்டுச்சா, இதுக்கு முன்னாடி?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டது. மழைக்காலம் முடிந்த சமயம், ரெண்டு மாசம் முன்பு. ஏதோ பிரேக் என்று விட்டுவிட்டேன்.

"கிராஸ் போயிருச்சுய்யா. கிரவுனும் இல்ல, ஒண்ணும் இல்ல. போயி அடியில படுத்துப் பாரு."

கிராஸ் என்றால் என்ன?

டாக்ஸி, லாரி வைத்திருந்த வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

அம்பாசடரில் என்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால், ஓட வைக்கும் சக்கரங்கள் பின்னால். நடுவே ஒரு நீளமான இரும்புக் குழாய் சுற்றிக்கொண்டே சக்தியைக் கொண்டுபோகிறது. அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கியர்பாக்ஸ் பாடியோடு இருக்கிறது. பின் ஆக்சிலோ கட்டு வில்லில் தொங்குகிறது. பள்ளத்தில் இறங்கும், மேட்டில் எகிறும். ஒன்று அசையாமல் நிற்க, இன்னொன்று ஆடிக்கொண்டே இருக்க, இரண்டையும் நேர் இரும்பால் இறுகக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே ஏதாவது ஒன்று உடையும்.

அதனால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் மடங்கக்கூடிய மூட்டு வைத்தார்கள். இரண்டு கவட்டைகள், நடுவே கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு. அந்தக் கூட்டல் குறியின் நான்கு முனையிலும் நான்கு குட்டிக் கிண்ணங்கள், கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாக பேரிங். அந்தக் கூட்டல் குறிதான் கிராஸ். புத்தகத்தில் யூனிவர்சல் ஜாயின்ட். உள்ளங்கையில் அடங்கிவிடும், விலை சில நூறு ரூபாய். வண்டியின் முழு இழுவையும் இதன் வழியாகத்தான் போகிறது.

ஹூக் முதல் உத்தரபாரா வரை

இந்தச் சின்ன இரும்புக்கு இருக்கிற வயதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் இதை "கார்டான்" என்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இருந்த கார்டானோ என்ற கணித மேதையின் பெயர் அது. வண்டிக்காக அவர் எதுவும் செய்யவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களை மாட்டி, வெளியே எப்படிச் சாய்ந்தாலும் உள்ளே இருப்பது நேராகவே நிற்கும் ஏற்பாட்டைப் பற்றி எழுதினார். கப்பலில் திசைகாட்டி சாயாமல் நிற்பது இப்படித்தான்.

அதையே சுழற்சியைக் கடத்தும் மூட்டாக 1676-ல் அச்சில் விளக்கியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் விதி படித்தோமே, அந்த ஹூக்தான். சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றிய புத்தகத்தில் இந்த மூட்டு வருகிறது. யூனிவர்சல் ஜாயின்ட் என்ற பெயரும் அவர் வழி வந்ததுதான். வானத்தைப் பார்க்கப் பயன்பட்டது, இரண்டரை நூற்றாண்டுக்குள் ரோட்டுக்கு வந்துவிட்டது.

இந்த மூட்டுக்கு ஒரு வினோத குணமும் உண்டு. மடங்கிய நிலையில் சுற்றும்போது, உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். அதனால்தான் ஒரு முனையில் மட்டும் வைக்காமல் இரண்டு முனையிலும் வைக்கிறார்கள். முன்னால் இருப்பது செய்யும் குளறுபடியைப் பின்னால் இருப்பது சரிக்கட்டிவிடும். டெபிட்டுக்கு ஒரு கிரெடிட். :-) ஷாஃப்டின் இரு முனைக் கவட்டைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். ஜீப் மாதிரி ஷாஃப்டே இரண்டு துண்டாகக் கழலும் வண்டிகளில், அடையாளம் போடாமல் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும், புது கிராஸ் போட்ட பிறகும் வண்டி அதிரும்.

ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் சைக்கிள் மாதிரி செயின்தான். மண்ணும் சேறும் அப்பி, இரைச்சலோடு அறுந்து விழும். பிரான்சில் லூயி ரெனோ 1898-ல் செயினை விட்டுவிட்டு ஷாஃப்டில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் கிளாரன்ஸ் ஸ்பைசர் தூசி புகாதபடி மூடி, எண்ணெய் நிற்கிற மாதிரி ஒரு ஜாயின்ட்டை வடிவமைத்து, 1903-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே நியூ ஜெர்சியில் தொழில் தொடங்கிவிட்டார். அந்தக் கம்பெனிதான் பின்னாளில் டானா என்று பெயர் மாறியது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பிக்கப் டிரக்குக்கு அடியில் பார்த்தால் ஸ்பைசர் என்ற பெயரை இன்றும் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் கவென்ட்ரியில் ஹார்டி என்ற நிறுவனம் வேறு வழியில் போனது. துணியையும் ரப்பரையும் சேர்த்து அழுத்திய வட்டத்தகடு, மூன்று போல்ட் இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். தகடு தானே வளைந்து கொடுக்கும். பிறகு அவர்களே ஸ்பைசரின் இரும்பு மூட்டையும் செய்ய உரிமை பெற்று, ஹார்டி ஸ்பைசர் ஆனார்கள். மோரிஸ், ஆஸ்டின் என்று பிரிட்டிஷ் கார்களுக்கு அடியில் எல்லாம் இந்தப் பெயர் பரவியது.

அந்த ரப்பர் தகடு வம்சமும் அழிந்துவிடவில்லை. இத்தாலியின் பிரெல்லி கம்பெனி இன்ஜினியர் அந்தோனியோ போஸ்கி செய்த ரப்பர் இணைப்புக்கு அவர் பெயரையே சுருக்கி "ஜுபோ" என்று பெயர். போஸ்கி பெரிய ஓவிய ரசிகர். மிலானில் அவர் வீடே இன்று மியூசியம். பழைய பி.எம்.டபிள்யூ, ஆல்ஃபா ரோமியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த ஜுபோவைத் தெரிந்திருக்கும். அது வெடித்தாலும் வருவது இதே "டொக்"தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் ஆரம்பித்தது, முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில். 1948-ல் கல்கத்தா பக்கம் உத்தரபாராவுக்கு வந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்களைத் தழுவி லேண்ட்மாஸ்டர், பிறகு 1950களின் கடைசியில் அம்பாசடர். 1489 சிசி என்ஜின், பின்னால் கட்டு வில், நடுவே ஷாஃப்ட், இரண்டு கிராஸ். மார்க் 2, 3, 4, நோவா என்று முகம் மாறியது, டீசல் வந்தது, 1990களில் இசுசு என்ஜின் வந்தது. ஆனால் சக்தி பின்னால் போகிற ஏற்பாடு மட்டும் 2014 மே மாதம் உற்பத்தி நின்ற நாள்வரை மாறவில்லை. 2017-ல் அந்தப் பெயரையும் பிரான்சின் பெஜோ குழுமத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள்.

தீவில் ஏன் சீக்கிரம் போகிறது?

சென்னையிலிருந்து இந்தத் தீவு 1190 கிலோமீட்டர், கல்கத்தாவிலிருந்து 1255. இங்கே ஓடும் ஒவ்வொரு காரும் கடல் தாண்டி வந்ததுதான், அதன் ஒவ்வொரு கிராஸும் அப்படித்தான். அபர்டீன் பஜார் பக்கம் ஒரு காலத்தில் டாக்ஸி என்றாலே அம்பாசடர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் மாற்றலாகி வந்தபோது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம்.

கிராஸ் சாதாரணமாகத் தேய்ந்து போவதைவிடக் காய்ந்து போவதுதான் அதிகம். ஊசி பேரிங் முழுச் சுற்று சுற்றுவதில்லை, முன்னும் பின்னும் கொஞ்சம்தான் அசையும். அந்தக் கொஞ்ச இடத்தில் கிரீஸ் இல்லாவிட்டால் ஊசிகள் ஒரே இடத்தில் அடித்து அடித்துத் தழும்பு போட்டுவிடும். இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை, மிச்ச நாளில் உப்புக் காற்று. படகில் ஏற்றி இறக்கும்போது கடல் தண்ணீர் வேறு. வெளியே தெரியாமல் ரப்பர் சீல் விட்டுப்போய், உள்ளே கிரீஸ் கழுவிப் போய், துரு புகுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற என் வண்டி மாதிரி என்றால் கேட்கவே வேண்டாம். அதோடு போர்ட் பிளேர் முழுக்க ஏற்றம், இறக்கம். அஞ்சு நிமிஷத்துக்குப் பத்து தடவை கியர் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தத் தழும்பில் ஒரு அடி.

கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் தொழிலில் கடன் கணக்கு ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. தவணை தவறி 30 நாள் வரை எஸ்.எம்.ஏ-0, 60 நாள் வரை எஸ்.எம்.ஏ-1, 90 நாள் வரை எஸ்.எம்.ஏ-2. அதைத் தாண்டினால்தான் வாராக்கடன். கிராஸும் இப்படித்தான் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் சாகும்.

1. கிரீச் சத்தம்: மெதுவாகப் போகும்போது கேட்கும், வேகத்தோடு சேர்ந்து துரிதமாகும். கிரீஸ் காய்ந்துவிட்டது. இதுதான் எஸ்.எம்.ஏ-0. (நான் கோட்டை விட்ட இடம்.)

2. "டொக்": இழுவை திசை மாறும்போதெல்லாம் ஒரு தட்டு. கிளட்ச்சை விடும்போது, ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போது. கிண்ணத்துக்குள் இடைவெளி விழுந்துவிட்டது.

3. அதிர்வு: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை நடுங்கும். அந்த வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் என்ஜின், கிளட்ச் மேல் தப்பில்லை, கோளாறு பின்னால் இருக்கிறது. அம்பாசடரில் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதனால் ஷாஃப்டின் நடுக்கம் பொடிப்பொடியாக வேகமாக இருக்கும், சக்கரத்தின் ஆட்டம் நிதானமாக இருக்கும்.

4. அதற்கும் மேல் ஓட்டினால் ஷாஃப்ட் கழன்று விழும். பின் முனை விழுந்தால் ரோட்டில் இழுபடும். முன் முனை விழுந்தால் ரோட்டில் குத்தி நிற்கும், ஓடும் வண்டிக்கு அதைவிட ஆபத்து இல்லை. இது வாராக்கடன்.

ஆனால் "டொக்" என்றாலே கிராஸ்தான் என்றும் சொல்லிவிட முடியாது. டிஃப்ரென்ஷியல் பல் தேய்ந்தாலும், என்ஜின் மவுண்ட் விட்டாலும், கட்டு வில்லின் யூ-போல்ட் தளர்ந்தாலும் இதே மாதிரி தட்டும். பிரித்துப் பார்க்காமலே எது என்று தெரிந்துகொள்ள அப்பா சொன்ன வழி இது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். வெறும் ஜாக்கி மேல் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. குழி உள்ள இடம் உத்தமம். ஒரு கையால் ஷாஃப்டைப் பிடித்து இடமும் வலமும் திருக வேண்டும், கண் மட்டும் கிராஸ் மேல் இருக்க வேண்டும். இரண்டு கவட்டைகளும் சேர்ந்தே கொஞ்சம் திரும்பினால் அந்த ஆட்டம் டிஃப்ரென்ஷியலில் இருக்கிறது, பழைய வண்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஒரு கவட்டை திரும்பி மற்றது நின்றால், நடுவில் இருக்கிற கிராஸ் போய்விட்டது. முன்னால் உள்ளதைப் பார்க்க வண்டியைக் கியரில் போட்டுவிட்டு இதையே செய்ய வேண்டும். அப்புறம் கிண்ணத்தைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகாய்ப்பொடி மாதிரி சிவப்புத் துரு படிந்திருந்தால் அதற்கு மேல் சாட்சியே வேண்டாம்.

ஜங்லிகாட் பக்கம் பரமக்குடிக்கார மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்கியவர். அவருடைய குழிக்குள் இறங்கி நானே திருகிப் பார்த்தேன். பின்பக்கக் கிராஸில் ஒரு கவட்டை திரும்பிய பிறகுதான் மற்றது திரும்பியது. கிண்ணத்தைச் சுற்றிச் சிவப்புப் பொடி.

"அப்பா சரியாத்தான் சொல்லியிருக்காரு சார்" என்றார் அண்ணாச்சி. "இப்ப உள்ள பசங்களக் குத்தம் சொல்ல முடியாது. அவனுக பாக்குற வண்டில எல்லாம் இது கிடையாதே."

உண்மைதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லிருந்து நம் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தில் ஓடுபவை. அதில் இருப்பது வேறு வகை மூட்டு, பந்துகள் உள்ள சி.வி. ஜாயின்ட். ரெப்பா என்ற இன்ஜினியர் 1920களில் வடிவமைத்தது. 1959-ல் வந்த மினி காரில் அதைப் போட்டது யார் தெரியுமா? ஹார்டி ஸ்பைசர் சேர்ந்திருந்த பர்ஃபீல்டு குழுமம்தான். அது கெட்டால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது "டக் டக் டக்" என்று கேட்கும். அந்தச் சத்தத்தை அந்த ஒர்க்‌ஷாப் பையன் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவான். என் வண்டியின் சத்தம் அவனுக்கு அந்நிய பாஷை.

முடிவு

கல்யாணத்துக்கு பஸ்ஸில்தான் போனோம். வீட்டம்மாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

சென்னை ஜி.பி. ரோட்டில் இருக்கும் ஒரு சிநேகிதன் இரண்டு கிராஸ் வாங்கி அனுப்பினான். ஒன்று போனால் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. கிரீஸ் நிப்பிள் உள்ளதாக வாங்கச் சொல்லியிருந்தேன். இப்போது மூடிய வகையும் வருகிறது, அதில் நாம் கிரீஸ் அடிக்க வழியில்லை. அண்ணாச்சி ஃபிளாஞ்சில் உளியால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போல்ட்டைக் கழற்றினார், கழற்றின மாதிரியே திரும்ப மாட்டுவதற்காக. புதுக் கிண்ணத்தை உள்ளே தட்டும்போது ஒரு பக்கம் சர்க்ளிப் காடியில் உட்காரவில்லை. "ஊசி ஒண்ணு சாஞ்சிருச்சு" என்று சொல்லி வெளியே எடுத்துப் பார்த்தார். சரியாக ஒரே ஒரு ஊசி குறுக்கே படுத்திருந்தது. அதை அப்படியே அடித்து இறக்கியிருந்தால் ஒரு மாசத்தில் மறுபடி குழிக்குள் வந்திருப்பேன்.

பழைய கிராஸை என் கையில் கொடுத்தார். நாலு முனையில் ஒரு முனை மட்டும் சீப்பு வைத்துக் கீறியது போல வரிவரியாக இருந்தது. மிச்ச மூன்றும் பளபளப்பு. அதை இப்போது ஆபீஸ் மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன். டைரியில் ஒவ்வொரு மழைக்கு முன்னும் பின்னும் "கிரீஸ்" என்று எழுதிவைத்தாயிற்று.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "ஃபோனக் கீழ வச்சு ரிவர்ஸ் போடு" என்றார். வாசலில், பின் கதவுக்கு அருகே படிக்கல்லில் ஃபோனை வைத்துவிட்டு, ரிவர்ஸ் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். வண்டி ஓரடி பின்னால் நகர்ந்தது. இறங்கி வந்து ஃபோனை எடுத்தேன்.

"கேட்டுச்சாப்பா?"

"ஒண்ணும் கேக்கலய்யா" என்றார் அப்பா.